கேனிஸ்டரைக் கழற்றுவதா, மாற்றுவதா? பைக் டேங்க் மூச்சு விடும் வழி பற்றி

பெட்ரோல் வாசனை அடிக்கிறது, ஃபுல் டேங்க் போட்ட அன்று வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் ஏறி இறங்குகிறது என்று பட்டறையில் போய் நின்றால், பல மெக்கானிக்குகளின் கை முதலில் போவது டேங்குக்குக் கீழே ஃபிரேமோடு ஒட்டியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவுக்குத்தான். டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டர் அது. "இது பொல்யூஷனுக்கு வெச்சது சார், வண்டிக்கு இதால ஒரு பிரயோஜனமும் இல்ல, கழட்டிடலாம்" என்பார்கள். ஸ்பேர்ஸ் காசு இல்லை, லேபர் மட்டும்தான் என்றால் யாருக்கும் தலையாட்டத்தான் தோன்றும். நானும் ஆட்டினேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தில், அந்த டப்பாவை வைத்து என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையையும் என் வண்டியில் செய்து பார்த்துவிட்டேன். எது யாருக்குச் சரி என்று தெளிவாகச் சொல்ல முடியும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி வண்டியை வீட்டுக்குள்ளோ, மாடிப்படிக்கு அடியிலோ, ஜன்னல் ஓரமாகவோ நிறுத்துபவர் என்றால் கேனிஸ்டரைக் கழற்றாதீர்கள், கெட்டுப்போயிருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள். ஆனால் காசு செலவு செய்யும் முன் அது உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் தப்பு வேறு எங்கோதான் இருக்கும்.

முதலில் டேங்க் ஏன் மூச்சு விட வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் டேங்கை விட்டு வெளியே போனால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே வேக்கூம் பிடித்து பெட்ரோல் இறங்காது. வெயிலில் நிற்கும்போது கதை தலைகீழ். பெட்ரோல் ஆவியாகி அழுத்தம் ஏறும், அது வெளியே போக வழி வேண்டும். பழைய வண்டிகளில் டேங்க் மூடியிலேயே ஊசித் துளை மாதிரி ஒரு வழி இருக்கும், ஆவி நேராகக் காற்றில் கலந்துவிடும். கேனிஸ்டர் உள்ள வண்டியில் அந்த ஆவி ஒரு ஹோஸ் வழியாக டப்பாவுக்குள் போகிறது. உள்ளே இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது மேலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட கரி. ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். பெட்ரோல் ஆவி அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான காற்று மட்டும் மறுபக்கம் வெளியேறும். எஞ்சின் ஓடும்போது இன்டேக் (எஞ்சின் காற்றை இழுக்கும் வழி) பக்கத்து உறிஞ்சல் அதே டப்பா வழியாக வெளிக்காற்றை இழுக்கும், அந்தக் காற்று ஒட்டியிருக்கும் ஆவியைப் பிய்த்துக்கொண்டு போய் எஞ்சினுக்குள் எரிய விடும். இதைத்தான் பர்ஜ் என்கிறார்கள். நிற்கும்போது பிடித்து வைத்து ஓடும்போது எரிப்பதால் டப்பா நிறைந்தே போவதில்லை.

கலிபோர்னியாவில் டேங்க் ஆவியைக் கட்டுப்படுத்தும் விதி 1980களிலேயே பைக்குகளுக்கு வந்துவிட்டது. அந்த மாநிலத்துக்கு என்றே கேனிஸ்டர் வைத்த தனி மாடல்களைக் கம்பெனிகள் விற்றன. இங்கே பிஎஸ் 4 உடன், அதாவது வண்டி மாசுக்கான பாரத் ஸ்டேஜ் அரசு விதியின் நான்காம் கட்டத்தோடு வந்தது. 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் பிஎஸ் 3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று சொன்னதும், ஷோரூம்களில் இரண்டு நாளில் தள்ளுபடி போட்டு விற்றுத் தீர்த்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பின் வந்த வண்டிகளில்தான் இந்த டப்பாவைப் பரவலாகப் பார்க்கிறோம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபோது அளவை இன்னும் இறுக்கினார்கள். வண்டியை காற்றுப் புகாத ஒரு அறைக்குள் வைத்து, டேங்கை ஒரு மணி நேரம் சூடேற்றி, அப்புறம் ஓட்டி நிறுத்திய சூடான வண்டியை மறுபடி ஒரு மணி நேரம் உள்ளே வைத்து, மொத்தம் எவ்வளவு ஆவி வந்தது என்று அளக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து 1.5 கிராமைத் தாண்டக் கூடாது. சைலன்சர் புகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, எஞ்சின் அணைந்து கிடக்கும் வண்டி விடும் மூச்சு மட்டும்தான் இந்தக் கணக்கு.

என் வண்டி விஷயம்

2018 மாடல், 150 சிசி, கார்புரேட்டர் வண்டி. பெட்ரோல் போட்ட அன்றைக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தியது, த்ராட்டிலை முழுக்கத் திறந்து பத்து தடவை செல்ஃப் அடித்தால்தான் இருமிக்கொண்டு கிளம்பும். பட்டறையில் டப்பாவைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பிரச்சினை உடனே சரியானது, எனக்கும் சந்தோஷம். டேங்கில் இருந்து டப்பாவுக்கு வந்துகொண்டிருந்த ஹோஸை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஊருக்குள் ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. பங்க்கில் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வரும், வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கொல்லிமலை போனேன். ஏறும்போது வண்டி கனமாக, புகைச்சலாக, பெட்ரோல் நாற்றத்தோடு ஏறியது. மேலே போய் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று மூடியைத் திறந்தபோது காற்று முகத்தில் அடித்தது. மூடிவிட்டு ஊர் சுற்றிவிட்டு சாயங்காலம் இறங்கத் தொடங்கினோம். பதினைந்து பதினாறு வளைவு இறங்கியிருப்போம், ஒரு கொண்டை ஊசியில் திரும்பும்போது எஞ்சின் அப்படியே செத்தது. கீழே இருந்து பஸ் ஏறி வருகிறது, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் பெண் குழந்தை. ஓரம் கட்டி, மூடியைத் திறந்தால் இந்தத் தடவை காற்று உள்ளே போகிற 'உஸ்ஸ்', நாலைந்து வினாடி நீளத்துக்கு. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது. அடுத்த பதினைந்து வளைவில் மறுபடி செத்தது. அடிவாரம் காரவள்ளி வருவதற்குள் நான்கு முறை.

வீட்டுக்கு வந்து சீட்டையும் டேங்கையும் கழற்றிப் பார்த்தேன். டேங்கின் ஹோஸ் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகி கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். டேங்குக்கு மூச்சு விட வேறு வழியே இல்லை.

அன்றைக்கு ஏன் அப்படி வளைவு வளைவாக நின்றது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைக் கீழே தள்ளுவது அதன் சொந்த எடை மட்டும்தான், டேங்கின் பெட்ரோல் மட்டத்துக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம். மலையில் 100 மீட்டர் இறங்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1 சதவீதம் கூடும். அது 15 சென்டிமீட்டர் உயரப் பெட்ரோலின் எடைக்குச் சமம். ஆக, அடைத்த டேங்கோடு 200 மீட்டர் இறங்கினாலே வெளிக்காற்று பெட்ரோலைக் கீழிருந்து பிடித்து நிறுத்திவிடும். ஆயிரம் மீட்டர் அளவுக்கு இறக்கம், 70 கொண்டை ஊசி வளைவு, பதினைந்து வளைவுக்கு ஏறக்குறைய 200 மீட்டர். கணக்கு சரியாக உட்காருகிறது. ஏறும்போது நடந்தது இதற்கு நேர் எதிர். உள் அழுத்தம் மிஞ்சிப்போய் கார்புரேட்டருக்குள் வரும் பெட்ரோலை அளவோடு நிறுத்தும் மிதவை ஊசியையும் தாண்டிப் பெட்ரோலைத் தள்ளியிருக்கிறது, நாற்றமும் புகைச்சலும் அதனால்தான்.

அதனால் கழற்றி அடைப்பது என்ற வழி ஒப்பீட்டிலேயே வராது. இப்படிப்பட்ட வண்டிகளில் டேங்க் மூடி பெரும்பாலும் ஆவியை வெளியே விடாத மூடி. சிலவற்றில் காற்றை உள்ளே மட்டும் விடும் ஒரு வழி வால்வு இருக்கும், அவை நின்று போகாது, ஆனால் வெயிலில் ஏறும் அழுத்தத்துக்கு வழி இல்லாமல் கார்புரேட்டர் பக்கம் ஒழுகும். எஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியில், பம்ப் அழுத்தித் தள்ளுவதால் சட்டென்று நிற்காது, பம்ப் வேக்கூமை எதிர்த்து ஓடி ஓடி முனகும், அது பம்ப்புக்கு நல்லதில்லை. நீங்கள் ஏற்கெனவே கழற்றியவர் என்றால் இன்றைக்கே போய் அந்த ஹோஸ் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என் பழைய டப்பாவை வீட்டில் வைத்து ஆராய்ந்தபோதுதான் உண்மையான நோய் தெரிந்தது. கேனிஸ்டரில் மூன்று வாய் இருக்கும். ஒன்று டேங்குக்கு, ஒன்று எஞ்சினுக்கு, மூன்றாவது வெளிக்காற்றுக்கு. அந்த மூன்றாவது வாயில் இருந்து கீழ்நோக்கித் தொங்கும் சின்ன ஹோஸுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. காய்ந்து கல்லாகிப்போன மண், குச்சியால் குத்தினால் பொடிப்பொடியாகக் கொட்டியது, நடுவில் காய்ந்த ஒரு சிலந்தி. வெளிக்காற்று வழி அடைபட்டதால் டேங்கின் ஆவி மொத்தமும் எஞ்சின் பக்கத்து ஹோஸ் வழியாக இன்டேக்குக்குள் போய் நிறைந்திருக்கிறது, ஃபுல் டேங்க் அன்று ஸ்டார்ட் ஆகாததற்கு அதுதான் காரணம். ஐந்து நிமிட வேலை. டப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை.

குளவியை விடப் பொதுவான காரணம் நாமே செய்வது, அதாவது கழுத்து வரை நிரப்புவது. பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 13 லிட்டர் டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பி வெயிலில் நிறுத்தி 20 டிகிரி சூடேறினால் கால் லிட்டர் பெட்ரோலுக்கு உள்ளே இடம் இருக்காது. அது ஆவியாக அல்ல, திரவமாகவே ஹோஸ் வழியாக கேனிஸ்டருக்குள் இறங்கும். கரிக்கு ஆவியைப் பிடிக்கத்தான் தெரியும், பெட்ரோலில் ஊறினால் அதன் வேலை முடிந்தது. மேனுவலில் நிரப்பும் கழுத்தின் அடித்தகடு வரை மட்டும் என்று எழுதியிருப்பார்கள். பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகு "ரவுண்டா போடுங்கண்ணே" என்று சொல்வதை நிறுத்தினாலே பாதி கேனிஸ்டர்கள் பிழைக்கும்.

மூன்றாவது, டேங்கைக் கழற்றி மாட்டிய பிறகு வரும் தவறுகள். மூடியைச் சுற்றி விழும் மழைத் தண்ணீர் இறங்க ஒரு ஹோஸ், ஆவிக்கு ஒரு ஹோஸ் என்று டேங்குக்குக் கீழே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பல வண்டிகளில் ஒரே தடிமனில் இருக்கும். மாற்றி மாட்டிவிட்டால் மழைத் தண்ணீர் நேராகக் கரிக்குள் போகும். மழையில் நனைந்த மறுநாள் மட்டும் மக்கர் செய்யும் வண்டிகளில் முதலில் இதைப் பாருங்கள். ஹோஸ் டேங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் நசுங்கியிருப்பதும் அடிக்கடி நடக்கும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஓடிக்கொண்டிருக்கும்போது சோர்ந்து நின்றால் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே வண்டி சரியானால் மூச்சு வழி அடைப்பு. நாற்றமும் ஐட்லிங் தகராறும் என்றால் கேனிஸ்டரில் இருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸைப் பிடுங்கி, இன்டேக் பக்கத்து வாயைச் சின்ன ரப்பர் மூடியால் அடைத்து ஓட்டிப் பாருங்கள். ஐட்லிங் நின்று நிதானமானால் டப்பா பெட்ரோலில் ஊறியிருக்கிறது, அல்லது பர்ஜ் வால்வு திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது. எஃப்ஐ வண்டியில் அந்த வால்வை இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், திறந்து மூடும், மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்க வேண்டும். ஒயரைக் கழற்றிவிட்டு, மெடிக்கலில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சால் காற்றைத் தள்ளிப் பாருங்கள், காற்று போனால் வால்வு கெட்டது. பட்டறையில் வாயை வைத்து ஊதிப் பார்ப்பார்கள், தயவுசெய்து நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

டப்பாவைக் கழற்றிக் கையில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே திரவம் தளும்பும் சத்தம் வந்தால் ஊறிவிட்டது. எஞ்சின் பக்கத்து வாயை ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் மெதுவாகத் தட்டுங்கள், கறுப்புப் பொடி உதிர்ந்தால் கரி உடைந்துவிட்டது. அந்தப் பொடி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் டப்பாவை மாற்றுவதா கழற்றுவதா என்ற கேள்வியே வருகிறது.

கழற்றித் திறந்து விடுவது

புது டப்பாவுக்கு உண்மையான போட்டி இதுதான், இதை நியாயமாகச் சொல்ல வேண்டும். வண்டி நன்றாக ஓடும். டேங்க் ஹோஸைக் கீழே, எஞ்சின் சூடும் சைலன்சரும் படாத இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து விட்டு, இன்டேக் வாயை நல்ல ரப்பர் மூடியால் அடைத்து கிளிப் போட்டுவிட்டால் மெக்கானிக்கலாக ஒரு குறையும் வராது. அடைக்காமல் விட்டால் அந்த வாய் வழியாக எஞ்சின் கள்ளக் காற்று இழுத்து ஐட்லிங் ஏறும், சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். காட்டிலும் மேட்டிலும் ஓட்டி அடிக்கடி வண்டியைக் கீழே போடுபவர்கள் இப்படிச் செய்வதற்கு அவர்கள் பக்கத்தில் காரணம் இருக்கிறது, வண்டி படுத்துவிட்டால் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் போய் ஊறும்.

இதைச் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று. டேங்குக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு ரோல் ஓவர் வால்வு இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். விழுந்த வண்டியில் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் கொட்டாமல் தடுப்பது அதுதான். அதை எந்த வாட்டத்தில் நிமிர்த்தி வைத்திருந்தார்களோ அதே வாட்டத்தில் இருக்க வேண்டும். அக்வேரியம் கடையில் கிடைக்கும் ஒரு வழி வால்வைப் போட்டு 'காற்று உள்ளே மட்டும் போகட்டும்' என்று செய்வதையும் பார்த்திருக்கிறேன். பெட்ரோலுக்கு என்று செய்யாத ரப்பர் உப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கொல்லிமலைக் கதைதான்.

எஃப்ஐ வண்டி என்றால் இன்னொரு சிக்கல். இசியு பார்த்துக்கொள்ளும் பர்ஜ் வால்வின் ஒயரைப் பிடுங்கினால் பல வண்டிகளில் செக் எஞ்சின் விளக்கு எரியும். வால்வை ஒயரோடு விட்டுவிட்டு ஹோஸை மட்டும் அடைப்பவர்கள் உண்டு. வாரண்டியில் இருக்கும் வண்டியில் இதைச் செய்வது சர்வீஸ் சென்டருக்கு நாமே ஒரு சாக்கு எடுத்துக் கொடுப்பது மாதிரி.

சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். நடைமுறையில் பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கும்போது சைலன்சரில்தான் குழாயை விடுகிறார்கள், டேங்க் ஆவியை யாரும் அளப்பதில்லை. ஆக, பிடிபடுவோம் என்ற பயத்தை வைத்து யாரையும் நான் தடுக்கப் பார்க்கவில்லை. எனக்குப் பெரிய காரணம் வேறு.

வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது?

போல்ட்டைப் பிடுங்கிய பிறகு இரண்டு மாதம் நானும் ஹோஸைத் திறந்து விட்டுத்தான் ஓட்டினேன். எங்கள் தெருவில் எல்லோரையும் போல ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பலகையைச் சாய்த்து வைத்து வண்டியை முன் அறைக்குள் ஏற்றிவிடுவோம், தெருவில் விட்டால் பெட்ரோலை உறிஞ்சிவிடுவார்கள். அந்த அறையில்தான் என் அம்மா பாய் விரித்துப் படுப்பார். நாள் முழுக்க வெயிலில் நின்று சூடேறிய டேங்க், ஓடி வந்த எஞ்சினின் சூடு கீழிருந்து, காற்றோட்டம் இல்லாத அறை. மூன்றாவது நாளே அம்மா "என்னப்பா, மண்ணெண்ணெய்க் கடையில படுத்த மாதிரி இருக்கு" என்றார். தரையில் படுப்பவருக்கு வாசனை அதிகம், பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும்.

பாதி நிரம்பிய ஒரு டேங்க் நம் ஊர்க் கோடையில் நாளுக்குச் சில கிராம் ஆவி விடும். காசாகப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட வராது, 'பெட்ரோல் மிச்சம்' என்று சொல்லி யாரும் கேனிஸ்டரை விற்க முடியாது. ஆனால் அந்தச் சில கிராமில் பென்சீன் இருக்கிறது. நம் பெட்ரோலில் அதிகபட்சம் 1 சதவீதம்தான் அனுமதி, ஆனாலும் அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மூடிய அறையில் ராத்திரிதோறும் அதைச் சுவாசிப்பதும் ரோட்டில் ஒரு நிமிடம் சுவாசிப்பதும் ஒன்றல்ல. அதே அறையில் சாமி விளக்கு எரியும் வீடுகள் எத்தனை இருக்கின்றன! வெறும் ஆவியால் உடனே தீப்பிடித்துவிடும் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் ஃபுல் டேங்க் போட்ட ராத்திரி திறந்த ஹோஸ் வழியாகச் சொட்டினால் தரையில் நிற்பது திரவப் பெட்ரோல். எங்கள் வீட்டில் ஒரு காலை நாலணா அளவு ஈரம் பார்த்தேன். அன்றைக்கே கடைக்குப் போனேன்.

வீட்டுக்கு வெளியேயும் இது சின்ன விஷயம் இல்லை. இந்தியாவில் பதிவான இரு சக்கர வண்டிகள் 20 கோடிக்கு மேல். ஆளுக்குச் சில கிராம் என்றாலும் கூட்டிப் பாருங்கள். இந்த ஆவியும் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்தால் தரையோடு ஓசோன் உண்டாகும், மூச்சுத் திணறல் உள்ளவர்களை முதலில் பிடிப்பது அதுதான்.

உலர வைப்பது, வேறு வண்டி டப்பா, புது டப்பா

ஊறிய கேனிஸ்டரை உலர வைத்துத் திரும்பப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கொஞ்சம் முடியும். திறந்த இடத்தில், நிழலில், நெருப்புக்குப் பக்கம் போகாமல் மூன்று வாயையும் திறந்து பல நாள் வைத்தால் லேசான ஆவி வெளியேறும், கையில் எடுத்தால் கனம் குறைந்திருப்பது தெரியும். பெட்ரோலின் கனமான பகுதி துளைகளிலேயே தங்கிவிடும், அதனால் பழைய கொள்ளளவு திரும்ப வராது. ஒரு தடவை தப்பித் தவறி ஊறியது என்றால் முயற்சி செய்யுங்கள், வருடக்கணக்காக ஊறியது என்றால் நேரம் வீண். அடுப்பு, ஹேர் டிரையர், கம்ப்ரசர் காற்று எதையும் பயன்படுத்த வேண்டாம்.

டப்பாவை வெட்டித் திறந்து புதுக் கரி நிரப்பலாம் என்ற யோசனை எனக்கும் வந்தது, காங்கேயம் பக்கம் தேங்காய் ஓட்டுக் கரி மலை மலையாகக் கிடைக்கும்போது ஏன் கூடாது என்று. தண்ணீர் ஃபில்டருக்கு அது அருமையான கரி. ஆனால் அதன் துளைகள் மிகக் குறுகல், பெட்ரோல் ஆவியைப் பிடித்தால் எளிதில் விடாது. கேனிஸ்டருக்கு வேண்டியது பிடிக்கவும் வேண்டும், காற்று இழுத்தால் விடவும் வேண்டும். அதற்காகத்தான் பெரும்பாலும் மரத்தில் இருந்து செய்த, துளை சற்றுப் பெரிய கரியைப் பயன்படுத்துகிறார்கள். விடாத கரி சில வாரத்தில் நிறைந்து வெறும் டப்பாவாகிவிடும்.

பழைய இரும்புக் கடையில் வேறு மாடல் டப்பா மலிவாகக் கிடைக்கும். மூன்று வாயும் எதெது என்று உறுதியாகத் தெரிந்தால், அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வேலை செய்யும். ஆனால் அது ஏன் கழற்றப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது, காகிதத்தில் தட்டிப் பார்க்கும் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். நான் வாங்கியது ஒரிஜினல் புதிது, ஆர்டர் கொடுத்துக் காத்திருந்து. ஹோஸ்களையும் கூடவே மாற்றினேன், இதை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பருக்குள் பெட்ரோலை எளிதாகக் கசிய விடும், ரப்பரில் சீக்கிரம் விரிசல் விழவும் வைக்கும். புது டப்பாவுக்குப் பழைய ஹோஸ் போட்டால் ஆவி டப்பாவைப் போய்ச் சேரும் முன்பே பாதி வழியில் வெளியேறும்.

சிலருக்கு டப்பா இருக்கும் இடம்தான் தொந்தரவு, கிராஷ் கார்டு இடிக்கிறது, சேறு அடிக்கிறது என்பார்கள். இடம் மாற்றலாம், தப்பில்லை. டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே போகும் ஹோஸில் தொட்டில் மாதிரி தொய்வு விழக் கூடாது, விழுந்தால் அதில் பெட்ரோல் தேங்கி வழியை அடைக்கும். வெளிக்காற்று வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

பிஎஸ் 3, அதற்கும் முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் புதிதாக ஒரு கேனிஸ்டர் சேர்க்கலாமா என்றால், என் கருத்தில் வேண்டாம். பர்ஜ் ஆகாத டப்பா சில நாளில் நிறைந்துவிடும், பர்ஜ் வைக்க இன்டேக்கில் துளை போட்டு ஜெட் சரி செய்து என்று போனால் நல்ல வண்டியைக் கெடுத்துக்கொள்வோம். அதற்குப் பதில் டேங்க் மூடி கேஸ்கட்டை மாற்றுங்கள், பெட்ரோல் குழாயை மாற்றுங்கள், மூடித் துளையில் பாலிஷும் தூசும் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள், முடிந்தால் வெளியே நிறுத்துங்கள். என் மைத்துனரின் 2009 வண்டிக்கு இதைத்தான் செய்தோம், கேஸ்கட் மாற்றிய பின் அவர் வீட்டில் நாற்றம் பெருமளவு குறைந்தது.

என் வண்டியில் புது டப்பா போட்டு எட்டு மாதம் ஆகிறது. வெளிக்காற்று ஹோஸின் வாயில் மெல்லிய பித்தளை வலையை வைத்து ஒரு கிளிப் போட்டிருக்கிறேன், காற்று போகும், குளவி நுழையாது. மாதம் ஒரு முறை சங்கிலிக்கு எண்ணெய் போடும்போது குனிந்து அதையும் பார்த்துக்கொள்கிறேன். அம்மா பழையபடி முன் அறையிலேயே படுக்கிறார்.